மாடியிலிருந்து ஒரு பதில்

துண்டு ஈரமாக இருந்தது.

மாடி அறையின் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய தன் நீலத் துண்டை எடுத்த இன்ஷாவின் கை அப்படியே நின்றது. அலசி உலர்த்திய துணியின் ஈரம் இல்லை அது. சற்றுமுன் யாரோ தலை துவட்டிவிட்டுப் போட்ட ஈரம். முகத்தருகே கொண்டுபோனாள். அவள் வழக்கமாகத் தேய்க்கும் சீயக்காயின் வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை, வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல.

ஒரு பருவம் படிக்கப் பின்லாந்துக்குப் போனவள், இன்று காலைதான் பெட்டியோடு காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கியிருந்தாள். அத்தா மலேசியாவில் கடை வைத்திருக்கிறார். வீட்டில் அம்மா ஒருத்திதான். இந்த அறையில் தலை துவட்ட வேறு ஆள் இல்லை.

"அம்மா, என் துண்ட யாரு எடுத்தது?" என்று படியில் நின்று கேட்டாள்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்தான் அலசிப் போட்டேன்," என்றாள் ரஹீமா. கொஞ்சம் பொறுத்து, "அத அங்கேயே போட்டுரு புள்ள. ஒனக்கு வேற எடுத்துத் தாரேன்" என்றாள்.

குளித்துவிட்டு வந்து இடியாப்பத்தின் முன் உட்கார்ந்தபோதும் அந்தப் பேச்சு இன்ஷாவின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே எதுவோ சரியில்லை. ஸ்டேஷனில் அம்மா கட்டிப்பிடித்து அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். விமானத்தில் இரண்டு முறை தானே அழுதிருந்தாள். ஆனால் ரஹீமா ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஆட்டோ வாசலில் நின்றபோது கதவைத் திறந்து, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தவளைக் கேட்பதுபோல.

சொல்லத் தயங்கியதை இன்ஷா அந்த இடியாப்பத்தின் முன்னேயே சொல்லிவிட்டாள். "அம்மா, ஆராய்ச்சிப் படிப்புக்கு அங்கேயே எடம் குடுத்திருக்காக. ஜூன்ல போகணும். நாலு வருஷம்."

போகும்போது, "ஒரு பருவம்தானா, சத்தியமாவா?" என்று விடாமல் கேட்ட அம்மா, இப்போது தேங்காய்ப் பாலை அவள் தட்டில் ஊற்றியபடி, "போயிட்டு வா" என்றாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் கண் ஒருமுறை கூரையைப் பார்த்துத் திரும்பியது.

பின்லாந்தின் அந்த ஊரில் நவம்பர் வந்ததும் சூரியன் மதியத்துக்குமேல் நிற்பதில்லை. கழற்றிப்போட்ட காலணிகள் வரிசையாக இருக்கும் விடுதியின் நீண்ட நடைக்கூடம். பொதுச் சமையலறையில் ஒருவரோடொருவர் பேசாமல் காபி குடிக்கும் பிள்ளைகள். இன்ஷா கடுகு தாளித்ததும் கத்தத் தொடங்கிய புகை எச்சரிக்கைக் கருவி. ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதற்குச் சத்தமே இல்லை என்பது முதலில் அவளைப் பயமுறுத்தியது. பிறகு பிடித்துப்போனது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஊர். சாப்பிட்டாயா என்று கேட்காத ஊர். இருபத்திரண்டு வயது வரைக்கும் அம்மாவின் குரல் எட்டும் தூரத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்த நிசப்தம் புதிய சட்டைபோல இருந்தது.

அம்மா தினமும் அழைத்தாள். "வீட்டுல ஒரு சத்தமும் இல்ல தங்கம், காது அடைக்குது" என்று அழுதாள். சோதனைக்கூடத்தில் இருக்கிறேன், சிக்னல் இல்லை, தலைவலி என்று இன்ஷா சொல்லப் பழகினாள். பிறகு எடுக்காமலே விடப் பழகினாள். மேசையில் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்படியிருக்க ஒருநாள் அழைப்புகள் நின்றுபோயின. இவளாக வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா சிரித்த முகமாக இருந்தாள். "இரு, சோறு போட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். யாருக்கு என்று இன்ஷா கேட்கவில்லை. பழகிவிட்டாள், அப்பாடா என்றுதான் நினைத்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு, கொண்டுவந்த சாக்லேட்டில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாரீஸ்வரியைப் பார்க்கப் போனாள். மாரீஸ்வரி வாசலில் மெஷின் போட்டுத் தையல் தைப்பவள். இன்ஷாவைக் கண்டதும் மிதியை நிறுத்தி மேலே பார்த்தாள். பிறகு மறுபடி இவளைப் பார்த்தாள்.

"என்னடி இது, இப்பத்தான மொட்டமாடில நின்ன? நான் கூப்புட்டதுக்குச் சிரிச்ச. அதுக்குள்ளயா எறங்கி வந்துட்ட?"

"நான் மொட்டமாடிக்கே போகலக்கா. ரூம்ல தூங்கிட்டு இப்பத்தான் வாரேன்."

"ஒன்னயத்தான் தெனமும் சாயங்காலம் பாக்குறேனே. கைப்பிடிச் சொவத்துக்கு அங்குட்டு, தல தெரிய நிப்பியே. அம்மா பின்னால நின்னு துண்டால தல துவட்டி விடுவாக." மாரீஸ்வரி சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். "குளுரு ஒத்துக்காம பாதியிலேயே வந்துட்டேன்னாகளே. ஒடம்புக்கு முடியல, கீழ எறங்க மாட்டான்னு சொன்னாக. இப்பத் தேவலையா?"

இன்ஷா அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடியில் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் ஓரிடம் மட்டும் நனைந்து கருத்திருந்தது. அங்கிருந்து ஒரு நீர்க்கோடு மெதுவாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் திரும்பியபோது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பஸ் ஹாரன்கள், எங்கோ ஓடும் தண்ணீர் மோட்டார், யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனை என எல்லாம் இவள் விட்டுப்போன காரைக்குடியாகவே இருந்தன. வீட்டுக்குள் மட்டும் காற்று கனத்து, ஈரச் சாக்கு மூடியதுபோல இருந்தது. ரஹீமா தொழுது முடித்து, விரிப்பை மடித்துவைத்து, தரையில் தட்டுகளை எடுத்துவைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"யாரும்மா வாராக?"

ரஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்துபோய் மாடிப்படியின் அடியில் நின்றாள். இன்ஷாவுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய அதே இழுப்பில், அதே கொஞ்சலில், மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"இன்ஷா… சாப்புட வாம்மா…"

இன்ஷா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அனிச்சையாக வாயைத் திறந்தாள்.

மேலேயிருந்து பதில் வந்தது.

"இந்தா வாரேம்மா."

அவளுடைய குரல். அவளுடைய சலிப்பு. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. குரலின் ஓரத்தில் மெல்லிய கரகரப்பு, தூரத்து ஊரிலிருந்து ஃபோனில் வரும் குரலுக்கு இருப்பதுபோல.

இன்ஷா தட்டைத் தள்ளினாள். "அம்மா. யாரது?"

"பயப்படாத." ரஹீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகம் அமைதியாக இருந்தது. "நீ போன பொறவு தெனமும் இங்குட்டு நின்னு கூப்புடுவேன். நீ இல்லைன்னு தெரியும். வாய் பழகிருச்சு. கூப்பிடலேன்னா சோறு எறங்காது. ஒருநா நீ ஃபோன எடுக்கவே இல்ல. அன்னைக்கு மேல இருந்து 'ம்'முன்னு ஒரு சத்தம்."

"மேல போய்ப் பாத்தீகளா?"

"போனேன். ஒன் கட்டில்ல ஒரு மூலையில ஈரமா கெடந்துச்சு. மொகமெல்லாம் இல்ல." ரஹீமா அதைச் சொன்னபோது குரலில் அருவருப்பு இல்லை, பிறந்த குழந்தையைப் பற்றிச் சொல்லும் குரலாக இருந்தது. "தொரத்தத்தான் போனேன். அம்மான்னுச்சு. நான் என்ன செய்ய?"

"நாம வெளியே போயிருவோம். எந்திரிங்க. மாரீஸ்வரி அக்கா வீட்டுக்குப் போவோம்."

"ஒன் படத்தையெல்லாம் காட்டுனேன்," ரஹீமா கேளாதவள்போலப் பேசினாள். "நீ பேசுறப்ப ஃபோனப் பக்கத்துல வச்சுருவேன். உத்துப் பாத்துக்கிட்டே ஒக்காந்துருக்கும். நீ சிரிச்சா சிரிக்கும். நீ மூக்கச் சொறிஞ்சா அதுவும் மூஞ்சியச் சுளிக்கும். ஒரே மாசத்துல அப்படியே ஒன் மொகம் வந்துருச்சு."

பின்லாந்தில் பேசும்போதெல்லாம் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்த ஃபோன் இன்ஷாவுக்கு நினைவு வந்தது. கலைந்த கட்டிலும் துவைக்காத துணியும் தெரியக் கூடாதென்று முகத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்வாள்.

"கொஞ்சம் தள்ளி வையி, முழுசாப் பாக்கணும்னு எத்தன தடவ கேட்டேன்," என்றாள் ரஹீமா. கண்ணீர் இறங்கியது. "நீ காட்டவே இல்லையே புள்ள."

மாடிப்படியில் சத்தம்.

காலடிச் சத்தமல்ல. நனைந்த துணியை ஒவ்வொரு படியாக விட்டு இழுப்பதுபோல. ஒன்று. நிறுத்தம். ஒன்று.

"அம்மா, நான் போகல," இன்ஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜூன்ல போகல. எங்கயும் போகல. இங்கேயே இருக்கேன். அத மட்டும் போகச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரஹீமா அவள் கன்னத்தை வருடினாள். எவ்வளவு நாளாக ஏங்கிய தொடுதல். "நீ போவ தங்கம். இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாள். போகணும்ல, படிச்ச புள்ள. நான் தடுக்கவே மாட்டேன்." எழுந்தாள். "ஆனா அது எங்கயும் போகாது. எனக்கு ஒரு மடக்குத் தண்ணி எடுத்துத் தரணும்னு அதுக்கு ஆச. முடியாமத் தவிக்குது."

வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. சாவியும் திரும்பியது.

"அம்மா!"

இழுபடும் சத்தம் கடைசிப் படியில் நின்றது. மூடிக் கிடந்த தொட்டியின் வாசனை அறைக்குள் வந்தது. இன்ஷா பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள்.

அவளேதான். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை. குளிரில் சிவந்த கன்னம். கேமரா முன் வரவழைக்கும் அந்தச் சிரிப்பு. இடது புருவத்துக்கு மேலே உள்ள மச்சம் மட்டும் வலப்பக்கம் இருந்தது. கழுத்து இருந்தது. தோள்கள் இருந்தன. அதற்குக் கீழே அவளுடைய பச்சைச் சுடிதார் கொடியில் காயும் துணியாக மடிந்து தொங்கியது. சட்டைக் கைகள் காலியாக ஆடின. தரையில், துணியின் விளிம்பைச் சுற்றி, நீர் படர்ந்தது.

இன்ஷா சுவரோடு ஒட்டினாள். கத்தினாள். மெஷின் ஓடும் சத்தம் பக்கத்து வீட்டில் நிற்கவில்லை.

அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் அதற்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே பார்த்தது. மெதுவாக. மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்த கைகளைப் பார்த்தது. ஒவ்வொரு விரலாக. முட்டியை. கணுக்காலை. குளிர்ந்த தரையில் வளைந்து ஊன்றியிருந்த பாதங்களை.

இன்ஷா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பாதங்களை மறைக்க இடமில்லை.

ரஹீமா விளக்கின் அடுத்த சுவிட்சையும் போட்டாள். அறை வெளிச்சமானது.

"நல்லாப் பாத்துக்க தங்கம்," என்றாள், படியடியில் நின்றதைப் பார்த்து. "முழுசாப் பாத்துக்க."

சிறு இடைவெளி. "சரிம்மா," என்றது அது.

பச்சைத் துணியின் விளிம்பு அசைந்தது. அதற்கடியிலிருந்து, ஈரமாக, வெளுப்பாக, ஒரு பெருவிரல் வெளியே வந்து தரையைத் தொட்டுப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.