குறை எழுத மூன்று கோடுகள்

சிவானிக்கு வெற்றிடத்தைக் கண்டால் பொறுக்காது. ஒரு தாளில் கோடு போட்டு, அதில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அவளுக்குக் கை ஊறும். தம்பியின் கொப்பியில் பெயர் எழுதும் இடமாகட்டும், பால்மாப் பெட்டியோடு வரும் போட்டிக் கூப்பனாகட்டும், அவளே நிரப்பிவிடுவாள்.

அதற்கு அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வருடம் அவள் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை வேறு வருகிறது. வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த தொடர்மாடிக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் பாலேஸ்வரி ரீச்சரின் டியூஷன் வகுப்பு. ரீச்சர் தினமும் ஒரே மந்திரத்தை ஓதுவார்.

“பிள்ளைகள், ஒரு இடத்தையும் வெறுமையா விடாதேங்கோ. வெறுமையா விட்டால் சைபர். ஏதாவது எழுதினால் ஒருவேளை சரியா இருக்கும்!”

பரீட்சைக்கு அது நல்ல புத்திதான். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாத் தாளும் பரீட்சைத் தாள் இல்லையே! அது சிவானிக்கு அப்போது தெரியவில்லை.

முழுநிலா நாளான போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் கொண்டாட்டம்தான். மூன்று நாள் விடுமுறை. அப்பா சிவானந்தன் விடியற்காலையிலேயே காரைத் துடைக்கத் தொடங்குவார். அம்மா மேனகா கம்பளிச் சட்டைகளைத் தேடி அலுமாரியையே தலைகீழாக்குவார். இரத்தினபுரி, பலாங்கொடை என்று கார் ஏறி ஏறிப் போகும். ஆறு வயதுத் தம்பி சாரங்கன் ஒவ்வொரு வளைவிலும், “வந்திட்டமா?” என்று கேட்பான். நாற்பதாவது முறை கேட்கும்போது உண்மையாகவே அப்புத்தளை வந்திருக்கும்.

மே மாதத்தில் அவர்கள் முதன்முதலாக மர்ஸூக் ஐயாவின் பங்களாவுக்குப் போனார்கள். மர்ஸூக் ஐயா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். அப்புத்தளையில் இருந்த அந்தப் பழைய பங்களாவை ஊர் பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்பவர் கிருஷ்ணராஜ். பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் அவர்தான், குளிக்கச் சுடுதண்ணீர் போடுவதும் அவர்தான், சமைப்பதும் அவர்தான்.

கிருஷ்ணராஜ் சும்மா சமைக்கமாட்டார். பாடிக்கொண்டே சமைப்பார். சினிமாப் பாட்டு இல்லை. சட்டிக்குள் என்ன போகிறதோ, அதுதான் பாட்டு.

“கரட்டு அக்கா குளிச்சாச்சு,
லீக்ஸு அண்ணன் வெட்டியாச்சு,
போஞ்சித் தம்பி எங்க போனே?
சட்டி ஒன்னத் தேடுதே!”

சாரங்கன் குசினி வாசலில் உருண்டு உருண்டு சிரித்தான். போஞ்சிக்காய் என்றால் ஓடி ஒளிகிறவன், அன்றைக்கு இரண்டாம் தரமும் போஞ்சி கேட்டு வாங்கினான். அம்மாவுக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் நேரம் கிருஷ்ணராஜ் ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார்.

“வந்துட்டுப் போறவங்க எழுதித் தரணும் சார். உறையில போட்டு ஒட்டிக் குடுத்தீங்கன்னா, நான் பெரியவருக்கு அனுப்பிருவேன்.”

அப்பா காரில் பெட்டிகளை ஏற்றும் அவசரத்தில் இருந்தார். கீழே கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, “பிள்ளை, உனக்குத்தானே வடிவான எழுத்து. மிச்சத்தை நீ எழுது” என்று சிவானியிடம் கொடுத்துவிட்டார்.

சிவானிக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு கோடுகள்!

‘பிடித்தவை’ என்று மூன்று கோடு. மலை, குளிர், பக்கத்து வீட்டு நாய். முடிந்தது.

‘குறைகள்’ என்று மூன்று கோடு. சிவானி பேனாவைக் கடித்தாள். குறை என்று ஒன்றும் இல்லையே! ஆனால் வெறுமையாக விட்டால் சைபர் ஆயிற்றே!

யோசித்து யோசித்து முதற்கோட்டில், ‘சுடுதண்ணீர் பிந்தி வந்தது’ என்று எழுதினாள். சாரங்கன் ஒரு வாளித் தண்ணீரைத் தட்டி ஊற்றிவிட்டதால் வந்த ஐந்து நிமிடப் பிந்தல்தான் அது. இரண்டாம் கோட்டில், ‘ரொட்டியின் ஓரம் கருகியிருந்தது’ என்று எழுதினாள். அந்தக் கருகிய ஓரத்துக்காகத்தான் காலையில் அக்காவும் தம்பியும் சண்டை பிடித்தார்கள் என்பதை எழுதவில்லை. அதற்குக் கோட்டில் இடம் காணாது.

மூன்றாம் கோட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது குசினியில் இருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கிடைத்துவிட்டது விடை!

‘சமையற்காரர் சத்தமாகப் பாடுகிறார்.’

தாளை மடித்து, உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். கிருஷ்ணராஜ் இரண்டு கையாலும் வாங்கி, “நல்லா எழுதிருப்பீங்க பாப்பா” என்று சிரித்தார். சிவானியும் சிரித்தாள். கார் பெரகலைச் சந்தியைத் தாண்டும்போது அவளுக்கு அந்தத் தாளே மறந்துபோயிற்று.

ஓகஸ்டில் பரீட்சை முடிந்தது. ஒக்டோபரில் மறுபடியும் ஒரு போயா வெள்ளிக்கிழமையில் வந்தது. “அதே பங்களா! அதே அங்கிள்!” என்று சாரங்கன் ஒற்றைக் காலில் நின்றான். வழி நெடுக கரட் அக்கா பாட்டுத்தான்.

கார் நின்றதும் நிற்காததுமாக அவன் குசினிக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“அக்கா, அங்கிள் பாடேல்ல. ரேடியோவை நிப்பாட்டின மாதிரி இருக்கிறார்.”

“களைப்பாக்கும்” என்றாள் சிவானி.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே கதவு தட்டப்பட்டது. சுடுதண்ணீர் தயாராம். அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டு, “இந்தக் குளிருக்குள்ள ஐஞ்சு மணிக்கு ஆர் குளிக்கிறது?” என்று முணுமுணுத்தார். சாப்பாட்டுக்கு வந்த ரொட்டி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி கருகல் இல்லை. நடுவில் மா வேகவும் இல்லை.

சுடுதண்ணீர். ரொட்டி. பாட்டு.

சிவானிக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. மெல்ல எழுந்து குசினிக்குப் போனாள். கிருஷ்ணராஜ் வாயை இறுக மூடிக்கொண்டு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், ஏன் இப்ப பாடுறேல்ல?”

“கம்ப்ளைன்ட் வந்திருச்சு பாப்பா” என்றார் அவர், கத்தியில் இருந்து கண்ணை எடுக்காமல். “யாரோ எழுதிட்டாங்க. தண்ணி லேட்டு, ரொட்டி கருகல், பாட்டு எரைச்சல்னு. யாருன்னு பெரியவர் சொல்லல. நானும் கேக்கல. நாளைக்கு அவரு வாராரு. பண்டாரவளையில ஒரு ஹோட்டல் குக்கைப் பாத்து வச்சிருக்காராம். அடுத்த தடவை நீங்க வரும்போது புது ஆள் நல்லாச் சமைச்சுப் போடுவாரு.”

“அப்ப நீங்கள்?”

“எங்கயாச்சும் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் லீக்ஸைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கழுவிய லீக்ஸ்.

சிவானி தோட்டத்துக்கு ஓடிப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள். எதிரே மலை மலையாகத் தேயிலை. போன முறை எவ்வளவு அழகாக இருந்த இடம்! இன்றைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒட்டிய உறையைச் சிரித்துக்கொண்டே வாங்கினாரே, அந்தச் சிரிப்புத்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தன்னைப் பற்றிய கோளைத் தன் கையாலேயே அனுப்பியிருக்கிறார் பாவம். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்பா தேடிக்கொண்டு வந்தார். சிவானி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் முகம் வாடிப்போனது.

“நானும் வாசிக்காமக் கையெழுத்து வச்சிட்டனே” என்று நெற்றியைத் தடவினார். “சரி, நான் மர்ஸூக் ஐயாவோட போன்ல கதைக்கிறன்.”

“வேண்டாமப்பா. எழுதினது நான். நானே சொல்லுறன்.”

சொல்வது சுலபம். குசினி வாசல் வரைக்கும் மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பி வந்தாள். நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அங்கிள், அந்தத் தாளை எழுதினது நான்தான்.”

கத்தி நின்றது.

“மூண்டு கோடு இருந்தது அங்கிள். வெறுமையா விடக்கூடாதெண்டு ரீச்சர் சொன்னவ. அதுதான்... உண்மையா ஒரு குறையும் இருக்கேல்ல.”

கிருஷ்ணராஜ் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ரொட்டி நெசமாவே கருகிருந்துச்சா பாப்பா? அஞ்சு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ஓம். ஆனா அந்தக் கருகின ஓரத்துக்குத்தான் நானும் தம்பியும் சண்டை பிடிச்சனாங்கள். எனக்கு அதுதான் நல்ல விருப்பம்.”

அவர் சிரிப்பார் என்று சிவானி எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு கொத்தப் பின்பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை மர்ஸூக் ஐயா வந்தார். வெள்ளைத் தொப்பி, பெரிய குடை, அதைவிடப் பெரிய குரல். அவர் கதிரையில் அமர்ந்து தேநீரை ஒரு வாய் குடித்ததும் சிவானி அவர் முன்னால் போய் நின்றாள்.

“அங்கிள், மே மாசம் வந்த தாளில குறை எழுதினது நான். அதில இருந்த மூண்டும் குறை இல்லை. கோட்டை நிரப்பத்தான் எழுதினனான். கிருஷ்ணராஜ் அங்கிளை அனுப்பிப் போடாதேங்கோ.”

மர்ஸூக் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“கோட்டை நிரப்பவா? அப்ப பத்துக் கோடு போட்டிருந்தா என்ன மகள் செஞ்சிருப்ப?”

“பத்துக் குறை எழுதியிருப்பன்” என்றாள் சிவானி, உண்மையை மறைக்கத் தெரியாமல்.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. “பதினொரு வருசமா இங்க இருக்கிற மனுசன். ஒரு தாளைப் பாத்துட்டு, ‘என்ன நடந்த’ எண்டு ஒரு வார்த்தை நான் கேக்கல்லயே” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “கிருஷ்ணராஜ்! பண்டாரவளை ஆள் வரமாட்டார். நீங்கதான் இருக்கோணும். பாட்டும் இருக்கட்டும்!” என்று கூப்பிட்டுச் சொன்னார்.

“சரிங்க” என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

சிவானி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பகல் சாப்பாட்டுக்குக் கரட் வந்தது, போஞ்சி வந்தது, லீக்ஸ் வந்தது. பாட்டு வரவில்லை. பாடச் சொன்னதும் பாட, அவர் ரேடியோ இல்லையே! பெரியவர் சொன்ன ஒரு சொல்லால் வேலை திரும்பி வந்துவிட்டது. ஐந்து மாதம் மூடி வைத்திருந்த தொண்டை அவ்வளவு சீக்கிரம் திறக்குமா?

புறப்படும் நேரம் அப்பா தாளை வாங்கி, இம்முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, சிவானியிடம் கொடுத்தார். அவள் ‘குறைகள்’ என்ற இடத்தில் முதற்கோட்டில் மட்டும் எழுதினாள்:

‘இந்த முறை குசினியில் பாட்டு இல்லை. அதற்குக் காரணம் நான்.’

மற்ற இரண்டு கோடுகளும் வெறுமையாக இருந்தன. கை ஊறத்தான் செய்தது. சிவானி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

உறையை அவள் ஒட்டவில்லை. திறந்தபடியே கிருஷ்ணராஜின் கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். பத்து நிமிடம் கழித்துக் கடதாசியில் சுற்றிய ஒரு பொதியோடு வந்து கார் யன்னலால் நீட்டினார்.

“வழியில சாப்பிடுங்க பாப்பா” என்றார். அவ்வளவுதான்.

கார் வளைந்து வளைந்து இறங்கியது. சிவானி யன்னலால் தலையை நீட்டி, பங்களா மறையும்வரை பார்த்தாள். சமையலறைப் புகைபோக்கியில் இருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

“அக்கா, பசிக்குது. பொதியைத் திற” என்றான் சாரங்கன்.

சிவானி மடியில் வைத்துப் பிரித்தாள். சூடான தேங்காய் ரொட்டி, நான்கு பேருக்கு நான்கு. மேலே இருந்ததைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னம்மா? என்ன இருக்கு?” என்று அம்மா முன்னிருக்கையில் இருந்து திரும்பிக் கேட்டார்.

சிவானி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு ரொட்டியிலும் ஒவ்வோர் ஓரம், பார்த்துப் பார்த்து, நன்றாகக் கருக்கப்பட்டிருந்தது.