பதினேழாம் நம்பர் மல்லாட்டை

"சார்... மணி என்ன ஆவுது?"

கேட்டவளின் கண்களைப் பார்த்ததில் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனான் வர்த்தமானன். மழையில் கழுவிய நாவற்பழங்களாக இரண்டு கண்கள்... நாலு வருடமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை மட்டுமே உற்றுப் பார்த்த ஆராய்ச்சி மாணவனுக்கு, உவமைக்கு ஒரு பழம் அகப்பட்டதே பெரிது.

"அஞ்சரை."

"ஐயையோ..."

1986 ஐப்பசி. திண்டிவனத்தில் கிளம்பிய விழுப்புரம் பஸ், விக்கிரவாண்டிக்கு முன்னால் மழையில் படுத்துவிட்டது. தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டார் கண்டக்டர் சவுரிராயன்.

"நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றவன்," என்றான் வர்த்தமானன்.

"அப்ப பின்னாடி நின்னு நல்லா ஆராஞ்சி தள்ளுப்பா!"

துணிப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். நனைந்து திரும்பியபோது, அவள் பையிலிருந்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க! அது தீனி இல்ல, என் ஆராய்ச்சி! பதினேழாம் நம்பர் ரகம்!"

"மன்னிச்சுக்கங்க சார்... நாங்க ஜைனருங்க. பொழுது சாய்ஞ்சா பச்சத் தண்ணிகூட தொட மாட்டோம். பஸ்ஸு பேஜாரு பண்ணிடுச்சா..."

"நானும் ஜைனன்தான்!"

"அப்ப நீங்க சாப்டலியா?"

கடிகாரத்தைப் பார்த்தான். பொழுது சாய மூன்றே நிமிடம். காலையில் தின்ற இரண்டு இட்லி எப்போதோ விடைபெற்றிருந்தது. நாலு வருட உழைப்பில் ஒரு கை அள்ளி வாயில் போட்டான்.

கசந்து காறியது.

"பாதி விதை முளைக்கிறதும் இல்ல..." வாய் தவறிச் சொன்னான்.

அவள் ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். "சிமெண்ட் களத்துல, உச்சி வெயில்ல காய வெச்சீங்களா? விதை வெந்துபூடும் சார். பாதி காய்ஞ்சதும் நெழல்ல போடணும். விழுப்புரம் மில்லுல மல்லாட்டை உடைக்கிற மிஷினை ஓட்டறது நாந்தான். பேரு ரத்னமாலா."

"மிஷின் ஓட்டறவங்க ஆராய்ச்சிக்கு வழி சொல்றதா?"

நாவற்பழங்கள் இருண்டன. "எங்க மிஷின் ஒரு நாள் நின்னா ஊரே கேக்கும். உங்க ஆராய்ச்சி நின்னா... யாருக்குத் தெரியும்?"

அதன் பிறகு விழுப்புரம் வரை அவள் ஜன்னலையே பார்த்தாள். அவன் அவள் காதோரச் சுருளில் தொங்கிய மழைத்துளியைப் பார்த்தான். 'சொல்லியிருக்க வேண்டாமோ...'

தை அறுவடையை, யாருக்கும் தெரியாமல், அவள் சொன்னபடியே காய வைத்தான். மணல் தட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முளைத்தது! பேராசிரியருக்கு ஆனந்தம்... வழி சொன்னது மில்லில் வேலை பார்க்கும் பெண் என்று இவன் சொல்லும் வரை.

"உன் கண்டுபிடிப்புன்னே எழுதிடு. மில்லு பொண்ணு பேரெல்லாம் போட்டா ஆராய்ச்சிக்கு என்னப்பா கௌரவம்?"

அவள் பேரைப் போட்டே தட்டச்சு செய்தான். பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்தார்.

மறுநாள் மாலை, மில் வாசல். கூந்தலெல்லாம் தொலித் தூசியோடு வந்தாள் ரத்னமாலா. அவனைக் கண்டதும் நடை ஒரு கணம் தடுமாறியது... முகம் மட்டும் அசையவில்லை.

"இன்னா சார், மிஷின் பாக்க வந்தீங்களா?"

"மன்னிப்பு கேக்க." காகிதத்தை நீட்டினான். 'இம்முறையைச் சொன்னவர்: ரத்னமாலா, மில் தொழிலாளி.'

இரண்டு தடவை படித்தாள். "இதனால உங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போவும்."

"பரவால்லியா?"

"பரவால்ல. இன்னொண்ணும் சொல்லணும்... வந்து... அதாவது..."

"கல்யாணத்துக்கப்புறமும் மிஷினை வுடமாட்டேன்!"

"நான் இன்னும் அதைச் சொல்லவே இல்லியே!"

"ஆராய்ச்சிக்காரரு. நீங்களா சொல்றதுக்கு நாலு வருஷம் ஆவும்..."

முகம் சிவந்தாலும் இந்த முறை அவன் திக்கவில்லை. "எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு, ரத்னமாலா. மிஷினோடதான் கேக்கறேன்."

அவன் பையிலிருந்து ஒரு புதுக் காயை எடுத்தாள். காதருகே குலுக்கினாள். உரித்து ஒரு பருப்பை மென்றாள்.

"காறுதா?" என்றான்.

மற்றொரு பருப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள். நாவற்பழங்கள் பளபளத்தன...

"ஜல்தி சாப்டுங்க. பொழுது சாயுது."