கதவுக்குப் பின்னால் இருந்த பாட்டில்

சிறுமி தமிழ்மொழியின் கையெழுத்து எறும்பைவிடச் சின்னது. ஆறாம் வகுப்பில் அதற்காக அவள் வாங்காத திட்டு இல்லை. "உன் நோட்டைத் திருத்த எனக்கு இன்னொரு ஜோடி கண்ணு வேணும்" என்று டீச்சர் அலுத்துக்கொள்வார். ஆனால் அக்கா சந்தியாவுக்கு அந்தக் கையெழுத்துதான் வேண்டும்.

சந்தியா கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கடைசி வருடம் என்பதால் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது கல்வராயன் மலை ஓடைகளில் வாழும் பூச்சிகளை. ஓடைக் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பிடித்து, கட்டைவிரல் உயரக் குப்பிகளில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி மூடுவாள். ஸ்பிரிட்டில் இருந்தால் பூச்சி அழுகாது.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் நகத்தளவு சீட்டு ஒன்று போட வேண்டும். எந்த ஓடை, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டுகளை எழுதுவது தங்கை மொழியின் வேலை. அதையும் பென்சிலில்தான் எழுத வேண்டும்.

"பேனாவுல எழுதினா இன்னாக்கா?"

"ஸ்பிரிட் பட்டா பேனா மை கரைஞ்சு ஓடிடும்டீ. பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்."

"சரி, இந்தப் பூச்சிங்கள எண்ணிக்கினு இன்னா பண்ணப் போற?"

"தண்ணி சுத்தமா இல்லையான்னு கண்ணால பாத்தா தெரியாது மொழி. இதுங்க நல்லா இருந்தா தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம். இதுங்க காணாம போனா, அந்தத் தண்ணியில ஏதோ கலந்துடுச்சு."

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே சந்தியா வெள்ளிமலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அம்மா தைலம்மாள் அதற்கும் முன்பே கரும்பு வெட்டப் போய்விட்டாள். அப்பா வீரமுத்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சந்தியா ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"காலேஜ்ல இருந்து எடுத்தாந்த ஸ்பிரிட் மீதி இருக்கு. கண்ணாடி பாட்டில்ல விரிசல் விட்டுடுச்சு. அதனால தண்ணி பாட்டில்ல ஊத்தி, கதவுக்குப் பின்னால வெச்சிருக்கேன். 'விஷம், தொடாதே'ன்னு மேல பெருசா எழுதியிருக்கேன். ஒரு வாய் குடிச்சாலும் கண்ணு போயிடும், உசுரே போனாலும் போயிடும். நான் வர்ற வரைக்கும் நீதான் காவல்."

"போக்கா, நான் பாத்துக்கறேன்."

மொழி நிஜமாகவே பார்த்துக்கொண்டாள். கதவருகே பாயைப் போட்டு உட்கார்ந்து, சீட்டு எழுதிக்கொண்டே காவல் காத்தாள். ஆனால் ஏழரை மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தெருவில் தண்ணீர் வந்தால் காவலாவது கத்தரிக்காயாவது! குடத்தையும், அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வரிசை நீளம். அவள் முறை வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இடுப்பில் குடமும் கையில் நிரம்பிய பாட்டிலுமாகத் திரும்பி வந்தபோது வீடு சும்மா சாத்தியிருந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அப்பாவின் பாட்டில் அவள் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அவர் எதை எடுத்துக்கொண்டு போனார்?

மொழி குடத்தை இறக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தரையில் ஈரமாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அதைச் சுற்றி நீலமாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

மை! ஊருக்கெல்லாம் பென்சில் பாடம் எடுத்த அக்கா, அவசரத்தில் அந்தப் பாட்டிலில் பேனாவால் எழுதியிருக்கிறாள். மூடி சரியாக இறுகாமல் ஸ்பிரிட் கசிந்து, 'விஷம்' என்ற எழுத்தைத் தானே அழித்துவிட்டிருக்கிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், மேலே எழுத்து இருந்திருந்தால் அது தன் பாட்டில் இல்லை என்று தெரிந்திருக்கும். இப்போது அது வெறும் தண்ணீர் பாட்டில். அதுவும் அப்பாவின் பாட்டில் தினமும் இருக்கும் அதே இடத்தில் இருந்த பாட்டில்.



அப்பாவின் போன் சுவரில் சார்ஜில் தொங்கியது. அதை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மலையேறிவிட்டால் அங்கே டவர் கிடைக்காது.

தெரியாமல் எடுத்திருந்தால் அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவளுக்குள் இருந்தது. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா முன்பெல்லாம் குடிப்பார். பக்கத்து வீட்டு மாயவன் மாமாவும் அவரும் சேர்ந்துதான் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் விஷச் சாராயம் குடித்துக் கள்ளக்குறிச்சியில் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. காய்ச்சல் என்று அன்றைக்கு அப்பா வீட்டில் படுத்திருந்தார். மாயவன் மாமா மட்டும் போனார். திரும்பி வரவில்லை.

அதிலிருந்து அப்பா குடிப்பதில்லை. ஆனால் மூடியைத் திறந்தவுடன் அந்த வாசனை வந்தால்? தெரிந்தே ஒரு வாய் குடித்துவிட்டால்?

தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே மொழி தெருவில் ஓடினாள்.

"ஏ மொழி! இன்னா மூஞ்சி வெளுத்துப் போய் ஓடிக்கினு இருக்க?"

மாயவன் மாமாவின் மகன் அஜித் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் மட்டும் இதைச் சொல்லக்கூடாது என்று மொழி நினைத்தாள். ஆனால் அழுகை முந்திக்கொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அஜித் துணியைத் தூக்கி எறிந்தான்.

"பின்னாடி ஏறு."

அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆட்டோ, மாடு, பூக்கடை எல்லாவற்றையும் வளைத்து வளைத்து மண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் வீரமுத்து மூட்டை தூக்குகிறார்.

லாரியிலிருந்து நெல் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரி கண்ணாயிரம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்கப்பா எங்கண்ணா?"

"அவனா?" கண்ணாயிரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாக்கு வறண்டு போய், ஒரு வாய் தண்ணி குடுடான்னு கேட்டேன் பாப்பா. மூடியத் தொறந்தான். ஒரு மாதிரி ஆயிட்டான். குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டு, பாட்டில மாருல அணைச்சிக்கினு குடோன் பின்னாடி போயிட்டான். தண்ணிக்குப் போய் இவ்ளோ கஞ்சத்தனம் எவனாச்சும் பண்ணுவானா?"

வாசனை தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தனியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

குடோன் மூலை வரைக்கும்தான் அஜித் வந்தான். அதற்குமேல் அவன் நகரவில்லை. "நீ போ. என்னால பாக்க முடியாது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மொழி தனியாகப் போனாள். ஒவ்வொரு அடியும் பயமாக இருந்தது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டில் மடியில் இருந்தது. மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. காலையில் பாட்டிலின் கழுத்துவரை இருந்த ஸ்பிரிட் மூன்று விரல் அளவு குறைந்திருந்தது.

"அப்பா!"

"கிட்ட வராத பாப்பா! தொடாத அத!" என்று அப்பா கத்தினார்.

"குடிச்சியாப்பா?"

"இல்ல."

இந்த 'இல்ல'யை மொழி பழைய நாட்களில் நிறையக் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அம்மா என்ன செய்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் அப்படிக் கேட்கக்கூடாதுதான். ஆனாலும் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"ஊதுப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஊதினார்.

டீ வாசனைதான் வந்தது. கொஞ்சம் பீடி வாசனையும்.

"அப்போ மூணு விரல் கொறையுதே?"

அப்பா தன் பையை அவள் பக்கம் தள்ளினார். பை முழுக்க நனைந்து, அக்காவின் குப்பிகளில் வரும் அதே வாடை அடித்தது. மதியச் சோறுகூட நனைந்துவிட்டிருந்தது. மூடி வழியாக வழிநெடுகக் கசிந்திருக்கிறது. மொழி சோற்றை மோந்து பார்த்தாள், பையைப் பிழிந்து பார்த்தாள். கணக்குச் சரியாக இருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் ஓவென்று அழுதாள். அப்பா பதறிப்போனார்.

"அழுவாத பாப்பா. தொறந்ததும் வாடை தெரிஞ்சுடுச்சு. அங்க வெச்சா எவனாச்சும் தண்ணின்னு எடுத்துக் குடிச்சுடுவான். அதான் எடுத்துக்கினு வந்து உக்காந்தேன். கொட்டிடலாம்னு பாத்தேன். ஆனா இது நம்ம வூட்டுல இருந்து வந்துச்சே! யாரு வெச்சது, வூட்டுல இன்னும் இருக்குதா, நீ தெரியாம குடிச்சுட்டியா, ஒண்ணுமே புரியல. கால் எழுந்திருக்கவே மாட்டேங்குது."

மொழி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"வாசனை வந்ததும் ஆசையா இருந்துச்சாப்பா?"

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு நிமிஷம் இருந்துச்சு. ஒடனே மாயவன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அப்ப இறுக்கிப் புடிச்சதுதான் இந்த மூடிய. இன்னும் கையே எடுக்கல."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அஜித் வந்து வீரமுத்துவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். வீரமுத்து ஒரு கையை மூடியிலிருந்து எடுத்து அவன் தோளில் போட்டார்.

"இந்தாப்பா, இதான் உன் பாட்டில்" என்று மொழி நீட்டினாள்.

அப்பா மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் முக்கால் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார். மீதியைக் கண்ணாயிரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தான் அஜித். "இவ்ளோ நேரம் கழிச்சா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் குடித்தார்.

சாயங்காலம் சந்தியா மலையிலிருந்து இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் குப்பிப் பையை அப்படியே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மொழிக்கும் அழுகை வந்தது. ஆனால் அக்காவைத் திட்டக் கிடைத்த ஒரே வாய்ப்பை அவள் விடுவதாக இல்லை.

"பேனாவுல எழுதினியே, உனக்கு யாருக்கா விலங்கியல்ல சீட்டு குடுத்தது?"

"தப்புதான்டீ. திங்கக்கிழமை மொதல் வேலையா இதக் காலேஜ் லேப்லயே வெச்சுடறேன். இனிமே ஸ்பிரிட் வூட்டுக்கு வராது."

"திங்கக்கிழமை வரைக்கும்?"

அதற்கு மொழியே வழி கண்டுபிடித்தாள். வெள்ளைத்தாளில் பென்சிலால், தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பெரிய எழுத்தில், 'தண்ணீர் இல்லை. விஷம்' என்று எழுதினாள். அதைச் சுருட்டி பாட்டிலுக்கு உள்ளேயே போட்டாள். உள்ளே விரிந்து நின்ற எழுத்து வெளியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"படிக்கத் தெரியாதவங்க இன்னா பண்ணுவாங்க?" என்று வாசலில் நின்ற அஜித் கேட்டான்.

நல்ல கேள்வி. அவனே ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துப் பாட்டிலின் கழுத்தில் இறுகக் கட்டினான். அப்பா பாட்டிலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

பங்குனி மாதம் சந்தியாவின் ஆய்வு புத்தகமாக வந்தது. நீல அட்டை, உள்ளே எழுபது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் பூச்சிகள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"கடைசிப் பக்கத்தப் படி மொழி" என்றாள் சந்தியா.

அது நன்றி சொல்லும் பக்கம். பேராசிரியர்கள், தோழிகள், ஓடைக்கு வழிகாட்டிய மலைக்காரர்கள் பெயர்களுக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. மொழி சத்தமாகப் படித்தாள்.

"சீட்டுகள் எழுதியவர்: தமிழ்மொழி. காவல்: வீரமுத்து, அஜித்."

அப்பா புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என் பேரு எது?"

மொழி தொட்டுக் காட்டினாள். அப்பா அதன்மேல் விரலை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.

"இது பேனாவா, பென்சிலா?"

"அச்சுப்பா" என்றாள் மொழி. "அழியாது."