முன்சீட்

“என்னை உயிரோட அளந்தவ கையால எனக்கு ஒரு வாய்த் தண்ணிகூட வேண்டாம்! எடுத்துட்டுப் போ!”

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூத்த மருமகள் டம்ளரைப் பிடித்தபடி கட்டிலருகே நின்றாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே மழை, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல அவசரமில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

“மாத்திரை போடணும் அத்தை... வெறும் வயித்துல போடக் கூடாது.”

“போட்டா என்ன, போடாட்டி என்ன? அதான் அளவு எடுத்துட்டியே! பெட்டி செய்யக் குடுத்தாச்சா, இல்ல தச்சன் இன்னும் வரலையா?”

இளைய மருமகள் சமையலறையிலிருந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். “குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்.” அவள் கையிலிருந்து கிழவி மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்து, “அவளை வரச் சொல்லு, துணி மாத்தணும்” என்றாள். வாய்க்குச் சின்ன மருமகள், மற்றதற்கெல்லாம் பெரிய மருமகள். ரோஷம் வாயோடு நின்றுகொண்டது.

அளந்தது உண்மைதான். சில மாதங்களுக்கு முன் ஒரு பாவாடை நாடாவை எடுத்து, மாமியாரின் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை நீட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். கிழவி தூங்குகிறாள் என்று நினைத்தாள். கிழவி தூங்கவில்லை.

“மெத்தை உறைக்கு அத்தை...” என்று அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லிப் பார்த்தாள்.

“மெத்தையை அளக்காம என்னை ஏண்டி அளந்தே?”

அதற்குப் பதில் இருந்தது. அவளால் சொல்ல முடியாத பதில்.

போன மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறி வாசல்படியைத் தாண்டியது. வயசானவர்களை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. தெரு பள்ளம், உள்ளே இறங்கினால் ஏற முடியாது என்றார்கள். அப்போது கிழவிக்குக் கால் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு மகன்களையும் திட்டிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் மேட்டுக்கு நடந்தாள். வெயில் காலத்தில் குளியலறையில் விழுந்தாள். இடுப்பு நொறுங்கியது. அடுத்த மழைக்குள் ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

டாக்டர் மூத்த மகனையும் அவன் மனைவியையும் மட்டும் வெளியே கூப்பிட்டார். எலும்பு சேராது. இனிமேல் படுக்கைதான். தூக்கினால் பலகைபோலத் தூக்க வேண்டும், இடுப்பை மடக்கக் கூடாது.

“அம்மாகிட்ட சொல்லாதே,” என்றான் கணவன், ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு. “தாங்க மாட்டாங்க... தம்பிகிட்டயும் சொல்லாதே, அவன் உளறிடுவான்.”

“எத்தனை நாளைக்குங்க மறைக்கறது?”

“முடியற வரைக்கும்.”

அவன் எடைமேடையில் வேலை பார்த்தான். ஊர் லாரிகளையெல்லாம் கூசாமல் எடை போட்டுச் சொல்கிறவன், அம்மா முன்னால் மட்டும் பேச்சில்லாமல் போவான்.

பழைய வண்டிகள் விற்கிற இடத்துக்கு எல்லோரும்தான் போனார்கள், படுத்திருந்தவளைத் தவிர. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வேன் நின்றது. உயரமான சக்கரம். பின்சீட்டுகளைக் கழற்றியிருந்தார்கள், தரை சமமாக இருந்தது. பின்கதவு மேலே தூக்கிக்கொண்டது. அவள் யாரும் பார்க்காதபோது நாடாவை உள்ளே விரித்தாள். முடிச்சு வரை கிடந்து, அதற்கு மேலும் ஒரு கை இடம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நின்ற சிவப்புக் காரில் சீட்டுகளை மடித்துப் போட்டும் நாடாவின் நுனி வெளியே தொங்கியது.

“என்னண்ணி, அது மீன் ஏத்தற வண்டி மாதிரி இருக்கு!” என்றான் கொழுந்தன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பளபளப்பாக இல்லாத எதுவும் அவன் கண்ணுக்குப் பிடிக்காது. “இதுல போய் இறங்கினா ஒருத்தன் பொண்ணு குடுக்க மாட்டான்.”

“உனக்குத்தான் குடுத்தாச்சே!” என்றாள் அவன் மனைவி. “இன்னொண்ணு பாக்கறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அவளும் உட்கார்ந்தாள். சீட் மெத்தென்று இருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

கணவனைத் தனியே இழுத்துப் போய், “அந்த வேன்தாங்க” என்றாள்.

“தெனமும் என்ன கேக்கறாங்க தெரியுமில்ல? ‘எழுந்து உக்காந்ததும் என்னை முன்சீட்ல வச்சுக் கூட்டிட்டுப் போடா’ங்கறாங்க. இந்த வேனைக் கொண்டுபோய் நிறுத்தினா, சீட்டு எங்கடான்னு கேப்பாங்க. உன்னைப் படுக்கப் போடத்தான்னு சொல்லவா?”

“தண்ணி வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம்.”

அந்தப் ‘பாத்துக்கலாம்’ சிவப்பு நிறத்தில் வாசலுக்கு வந்து நின்றது. ஒரு பொய்யைக் காப்பாற்றக் கார் வாங்கிய குடும்பம் அந்தத் தெருவில் அது ஒன்றுதான். கிழவிக்கு ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். “முன்சீட்டு எனக்கு! மேல பிளாஸ்டிக் போட்டு வைங்க, அழுக்காயிடும்!” என்று படுத்தபடியே கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, மூத்த மருமகள் தன் மேல் விழுந்த பழியை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். கணவன் ஒவ்வொரு முறையும் பக்கத்தில்தான் நின்றான். ஒவ்வொரு முறையும் செருப்பைத் தேடினான்.

காபி குடித்த டம்ளரைக் கழுவி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ மெயின் ரோட்டில் போயிற்று. ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள், எல்லோரும் மேட்டுக்குப் போங்கள் என்றது. அது சொல்லி முடிப்பதற்குள் தெருவில் பழுப்புத் தண்ணீர் ஓடியது.

“காரை எடுக்கறேன்!” என்று கொழுந்தன் ஓடினான். “அம்மாவை முன்சீட்ல வச்சு, சீட்டைச் சாய்ச்சுடலாம்!”

அண்ணனும் தம்பியும் போர்வையோடு தூக்கினார்கள். கணவன் மூத்தவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் நடந்தான். கிழவி மழையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, “மெதுவாடா... சீட்டு நனைஞ்சிடும்” என்றாள்.

கார்க் கதவில் தலை நுழைந்தது. தோள் நுழைந்தது. அதற்கு மேல் கூரை தாழ்வு.

“கொஞ்சம் மடக்கும்மா... அவ்வளவுதான்...” கொழுந்தன் முழங்காலைப் பிடித்துத் தள்ளினான்.

கிழவி அலறினாள். இளையவள் இடுப்பில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்தில் மூச்சுப் பிடித்து அழுதது.

“மடக்காதீங்க!” மூத்தவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்தாள். “அவங்களால உக்கார முடியாது! இனிமே உக்காரவே முடியாது!”

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கீழே பார்த்தான்.

“இனிமேன்னா...?” என்றாள் கிழவி. “என்னடா... இனிமேன்னா என்ன அர்த்தம்?”

திரும்பவும் கட்டிலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மாடிக்கு இருந்தது வளைந்து வளைந்து ஏறும் குறுகிய இரும்புப்படி. நீட்டிப் படுத்த உடம்பு அதில் திரும்பாது. கொழுந்தன் தன் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினான். தெருமுனையில் கார் இருமியது, நின்றது. அவர்கள் இறங்கி மாவுமில் மாடியில் ஏறுவது ஜன்னலில் தெரிந்தது. சற்று நேரத்தில் கார் தானாகத் திரும்பி, ஓட்டுகிறவன் இல்லாமலேயே, பக்கத்துச் சந்துக்குள் மிதந்து போயிற்று.

“எடைமேடைப் பக்கம் லாரி ஏதாவது நிக்கும்,” என்றான் கணவன். “பிடிச்சுட்டு வரேன்...” இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். வருவானா, வந்தால் எப்போது என்று அவளுக்குத் தெரியாது.

கட்டில் கால்கள் மறைந்தன. அவளால் முடிந்ததெல்லாம் ஓரத்தில் தொங்கிய போர்வையைத் தூக்கி மேலே செருகுவதுதான். செருகினாள். மறுபடி சரிந்தது. மறுபடி செருகினாள். கட்டிலை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்து வீடுகளில் யாரும் இல்லை.

“நீ மாடிக்குப் போடி.”

“போக மாட்டேன் அத்தை.”

“பயமா இல்லையா?”

“இருக்கு.”

“எனக்கும்.” கிழவி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு குரல் மாறிற்று. “அந்த நாடா... வண்டிக்கா?”

“ஆமா அத்தை. படுத்தபடியே உங்களை ஏத்தற மாதிரி ஒரு வேன் இருந்துச்சு. இடம் போதுமான்னு பாத்தேன்.”

“பாவி... ஏண்டி சொல்லல? அத்தனை பேச்சுப் பேசினேனே!”

“என்னன்னு சொல்ல? உக்கார்ற அன்னிக்குக் கட்டணும்னு பச்சைப் புடவையை எடுத்துத் தலைமாட்டுல வச்சிருந்தீங்க. அதைத் தெனமும் தடவிப் பாக்கறீங்க... அப்புறம் எப்படிச் சொல்ல?”

“எவ்வளவு திட்டியிருக்கேன்...”

“திட்டினீங்க,” என்றாள் அவள். மறுக்கவில்லை. “ஒவ்வொரு தடவையும் வலிச்சுது அத்தை. கல்லு இல்ல நான்.”

கிழவியின் வாய் கோணிக்கொண்டது. அவளால் எழுந்து கட்டிக்கொள்ள முடியாது; மருமகளின் தலையைப் பிடித்துத் தன் மார்பின் மேல் இழுத்துக்கொள்ள மட்டும்தான் முடிந்தது. மூத்தவள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டு, குனிந்தபடி, இத்தனை மாதமும் அழாததை அழுதாள். மெத்தையின் அடிப்பக்கம் நனைய ஆரம்பித்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டது. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு மணல் லாரி பின்னோக்கி வந்தது. கணவனும் டிரைவரும் கிளீனரும் குதித்தார்கள். அறைக்கதவைப் பெயர்த்தெடுத்து, கிழவியை அதன்மேல் வழுக்கிக் கிடத்தி, நான்கு பேருமாகத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். மடக்காமல்.

லாரி நகர்ந்தது. மாவுமில் வாசலில் கொழுந்தன் குடும்பம் ஏறிக்கொண்டது. இளையவள் வந்து மூத்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று டிரைவரைக் கேட்டார்கள். “தெரியல. பள்ளிக்கூடமெல்லாம் ரொம்பிடுச்சு. மேடா எங்க இருக்கோ அங்க,” என்றான்.

கிழவி மூத்த மகனைக் கூப்பிட்டாள்.

“எங்கிட்ட பொய் சொன்னே. அது போகட்டும், பெத்தவ மேல பாசம்னு வச்சுக்கறேன். இவளை நான் வாய்க்கு வந்தபடி பேசினப்பல்லாம் நீ பக்கத்துலதானேடா நின்னே?”

அவன் மழையில் நின்றபடி, எல்லோரும் பார்க்க, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். “நான்தாம்மா... எல்லாம் நான்தான்... இவ சொன்னா, நான்தான் கேக்கல...”

மூத்தவள் தன் முந்தானையை விரித்து மாமியாரின் முகத்துக்கு மேல் மழை படாமல் பிடித்திருந்தாள். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கியது. கிழவி கிடந்த கதவு ஒரு பக்கமாக நழுவியது.

“அழறதை அப்புறம் வச்சுக்கங்க,” என்றாள் மூத்தவள் கணவனிடம். “கதவு வழுக்குது. அந்தப் பக்கம் பிடிங்க.”

அவன் பிடித்தான்.