குழாய்க்குள் ஊற்றிய பெப்பர்மின்ட்

எண்ணெயை ஊற்றி இவ்வளவு நேரமாகியும் குளியலறையில் பெப்பர்மின்ட் வாசனையே இல்லை என்பதுதான் வலன்ரைனை முதலில் உறுத்தியது. சென்-ஆன்றிப் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த அந்தச் செங்கல் வீடு விக்டோரியா மகாராணி காலத்தது. கழிவுக் குழாய்களும் அப்படித்தான். ஒரு மாதமாக வீட்டுக்குள் அழுகல் வாடை. மூன்று வயது மகள் றொஷினி சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். அது நீங்கள் சமைக்கிற கறியின் வாடை என்று வீட்டுக்காரன் சிரித்தான். அவன் பல்லை உடைக்கலாம் போலிருந்தது வலன்ரைனுக்கு.

அதனால்தான் குழாய் வேலை செய்யும் ஆனந்தராசாவைக் கூட்டிவந்தான். பழைய முறை இது. கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கழிவுக் குழாயில் பெப்பர்மின்ட் எண்ணெயும் சுடுதண்ணீரும் ஊற்றினால், குழாய் வெடித்த இடத்தில் வீட்டுக்குள் மணக்கும். ஊற்றியவர் மட்டும் உள்ளே வரக்கூடாது. அவர் கையில் ஒட்டிய வாசனை மற்றவரின் மூக்கை ஏமாற்றிவிடும்.

மனைவி யோசெப்பின், பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். யன்னல்களை இறுக்கிச் சாத்தி, குளியல் தொட்டியருகே முழந்தாளிட்டு, குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, ஈரச் சுண்ணாம்பும் எலிப் புழுக்கையும் மணக்கிற சுவரோடு மூக்கை உரசியபடி ஒவ்வொரு இடமாக முகர்ந்து போனான் வலன்ரைன். சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பாதி வழியில் அது நின்றுவிட்டது.

நடைக்கு வந்ததும் மணத்தது. மெல்லிய, சூடான பெப்பர்மின்ட்.

போனை எடுத்தான்.

"அண்ணை, உள்ளுக்கு வந்திட்டீங்களோ?"

"உனக்கென்ன விசரோ? நான் கூரையிலயெல்லோ நிக்கிறன். கால் விறைக்குது. கெதியாப் பார்."

வாசனை போனது. வந்தது. மறுபடி போனது. கசிகிற வாசனை இப்படி விட்டுவிட்டு வராது. அதுவும் குழாயே இல்லாத பக்கத்திலிருந்து.

றொஷினியின் அறை.

கதவைத் தள்ளினான். மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. குனிந்தான்.

மூச்சு விட்டாள்.

பெப்பர்மின்ட். அவன் கண் எரிந்தது.

காதை அவள் வாயருகே வைத்தான். உள்ளே, எங்கோ ஆழத்தில், தண்ணீர் சொட்டியது. அந்த ஆழம் ஒரு குழந்தையின் உடம்புக்குள் இருக்க முடியாது.

"தம்பி, ஒண்டும் மணக்கேல்லையோ?" போனில் ஆனந்தராசா. "பொறு, இன்னொரு வாளி ஊத்திறன்."

"வேண்டாம் அண்ணை! ஊத்தாதேங்கோ!"

போனுக்குள் வாளி கவிழ்ந்தது.

நித்திரையிலேயே றொஷினி விழுங்கத் தொடங்கினாள். மடக். மடக். மடக்.

"ஆ, இப்ப நல்லா இறங்குது," என்றார் ஆனந்தராசா.

போர்வைக்குக் கீழே அவளுடைய சின்ன வயிறு மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.