மைனஸ் ஒன்பது

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவளுக்கு உலகம் கூழாகிவிடும். மைனஸ் ஒன்பது பவர். சுவர் எது, கதவு எது என்று தடவித்தான் நடக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு, அன்று காலை முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றியபோது, குளியலறை வாசலில் ஓர் ஈரக் கால்தடம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. விரல்கள் தனித்தனியாக, சுண்டுவிரல் லேசாக உள்ளே மடங்கி. அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

சுண்டுவிரல் மடங்கிய கால் அவள் கணவனுடையது. அவன் குவாரித் தண்ணீரின் அடியில் எங்கோ கிடக்கிறான். தேடி இறங்கியவர்கள் பல நாள் துழாவிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

இருவருக்குமே ஸ்கூபா பைத்தியம். கைவிடப்பட்ட அந்தக் கல்குவாரியில் லீவு கிடைத்தால் போதும், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். "சோடாபுட்டி, என் கையை விட்டுடாத. மீனெல்லாம் உன்மேல கேஸ் போட்டுடும்" என்று அவன் கிண்டல் செய்வான். அவள் காண்டாக்ட் லென்ஸ் போட்டு அதன்மேல் மாஸ்க் மாட்டுவாள். அதில் ஒரே ஒரு தொல்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். திறந்தால் லென்ஸ் தண்ணீரோடு போய்விடும். அந்த நேரத்துக்கென்று இருவரும் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினால், நான் இருக்கிறேன். விடாமல் அழுத்தினால், என்னைப் பார்.

அன்று தண்ணீர் புகுந்தது. அவள் கண்ணை மூடினாள். அவன் அழுத்தினான். விடாமல் அழுத்தினான். லென்ஸ் போய்விடுமே என்று அவள் முதலில் மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினாள். பிறகு கண்ணைத் திறந்தபோது மணிக்கட்டில் கை இல்லை. கலங்கிய சேறுதான் இருந்தது. ஒரு ஜோடி லென்ஸைக் காப்பாற்றப் போய் அவனை விட்டுவிட்டோம் என்ற நினைப்பு அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பவர் அப்படியேதாம்மா இருக்கு."

"கண்ணாடி இல்லாம ஒண்ணே ஒண்ணு மட்டும் தெளிவா தெரியுதுங்க."

"அதுக்கு வாய்ப்பே இல்லையேம்மா. தூங்காத கண்ணு, எதையாவது காட்டும்." பவர் லென்ஸ் பொருத்த அவள் கொடுத்திருந்த புது மாஸ்க்கை அவர் மேசைமேல் வைத்தார். "கொஞ்சம் பவர்னா ரெடிமேட் லென்ஸே கிடைக்கும், மாட்டிக்கலாம். உங்களுக்கு உள்பக்கமா ஒட்டித்தான் ஆகணும், ஒட்டிட்டேன். இனிமே தண்ணி பூந்தாலும் கண்ணைத் திறந்தே வெச்சுக்கலாம். முன்னாடியே வந்திருக்கலாமேம்மா."

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நாளைக்குக் குவாரியில் இறங்கி அவனைப் பார்த்துவிட வேண்டும். கண்ணை மூடாமல் ஒரே ஒரு தடவை. மாஸ்க் ஒழுகுகிறதா என்று பார்க்கப் பொழுது சாயும் வேளையில் குளியல் தொட்டியை நிரப்பினாள். குழாயை மூடிய பிறகும் சொட்டுச் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் பாசி ஊறிய பாறையின் வாடை மெல்ல எழுந்தது. ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். எல்லாம் கரைந்தது. கால்தடங்கள் மட்டும் தெளிவாக, வாசலிலிருந்து தொட்டிவரை வந்திருந்தன. திரும்பிப் போகவில்லை.

அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. மாஸ்க்கை மாட்டி, மண்டியிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.

தொட்டியின் கீறல், அடைப்பானின் சங்கிலி, ஒரு முடி. எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவன் இல்லை.

நெற்றியோரம் சில்லென்று தண்ணீர் கசிந்தது. பழக்கதோஷம். கண்ணை மூடிவிட்டாள்.

மணிக்கட்டில் ஓர் அழுத்தம்.

நான் இருக்கிறேன்.

மறுபடி அழுத்தம். மறுபடி. விடாமல்.

கண்ணைத் திறந்தாள். தண்ணீரில் யாரும் இல்லை. அழுத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பவர் போட்ட கண்ணுக்கு அவன் தெரிய மாட்டான். தண்ணீருக்குள் இருந்தபடியே மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள்.

எல்லாம் கூழானது. அவன் மட்டும் துல்லியமாக இருந்தான். தொட்டியைவிட ஆழத்தில். முடியில் சேறு. ஊதிப்போன கன்னம். இமைகள் சுருங்கிச் சுருங்கி, எதையோ காப்பாற்றுவதுபோல் இறுக மூடியிருந்தன.

மணிக்கட்டிலிருந்த கை அவள் பிடரிக்கு ஏறியது. இழுத்தது.

மூச்சு தீர்ந்தது. அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.

அழுத்தினாள். அழுத்தினாள். என்னைப் பார். என்னைப் பார்.

அவன் கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டான்.