புன்னகைக்கு அடியில் ஒரு தேதி!

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள். எதிர்முனையில் இல்லத்துச் சமையல்காரம்மா.

"மேடம்... மாடிப்படியில... ரத்தம்... சீக்கிரம் வாங்க மேடம்!"

"யாருக்கு என்ன ஆச்சு?"

அழுகைதான் வந்தது.

"என் தம்பிக்கா? சொல்லும்மா... என் தம்பிக்கா?"

லைன் கட்டானது!

அந்த இல்லத்தில் இருபத்தாறு பேர். உடம்பு வளர்ந்தும் மனசு ஆறு வயதிலேயே நின்றுபோனவர்கள். அவர்களில் ஒருவன் இன்ஸ்பெக்டரின் தம்பி. முப்பத்திநாலு வயது. தனியாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. வலிப்பு வேறு.

அம்மா கண்மூடும்போது, "நான் பார்த்துக்கறேன்மா" என்று கையைப் பிடித்துச் சொன்னவள் அவள். மூன்றே மாதத்தில் அவனை இங்கே கொண்டுவந்து விட்டவளும் அவளேதான்.

ஜீப் பறந்தது.

வாசலில் பேனர். ஊரே 'வள்ளல்' என்று கூப்பிடும் மருந்து வியாபாரி, பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்று பதினோரு மணிக்கு நன்கொடை விழா. நாற்காலிகள் போட்டபடி கிடந்தன.

இன்ஸ்பெக்டர் ஓடினாள்.

படிக்கட்டின் அடியில்... டீச்சர்!

இருபத்திரண்டு வருடமாக அந்த இல்லத்தைத் தூக்கிச் சுமந்தவள். "கல்யாணம் எப்போ?" என்று யாராவது கேட்டால், "இருபத்தாறு பிள்ளைங்க பெத்தவளுக்கு இனிமே என்னடி கல்யாணம்?" என்று சிரிப்பாள்.

இப்போது சிரிக்கவில்லை. பின்மண்டையிலிருந்து ரத்தம் கோடு போட்டிருந்தது. உயிர் இல்லை.

இரண்டு படி மேலே தம்பி. சட்டையெல்லாம் ரத்தம். கண்கள் எங்கேயோ வெறித்திருந்தன.

"தம்பி! அக்காடா... என்னடா ஆச்சு?"



"நான் சொல்றேன் மேடம்." வள்ளல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உங்க தம்பி அந்தம்மா மேல கிடந்தான். மனசைத் தேத்திக்குங்க... அவன்தான் தள்ளிவிட்டுட்டான்!"

பக்கத்தில் நின்ற சமூக நலத்துறை அதிகாரி தலையாட்டினார்.

"இந்த மாதிரி ஆளுங்க எப்போ என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்? விழாவுக்கு வந்த இடத்துல... ச்சே!"

ஏட்டு அவள் காதருகே வந்தார்.

"மேடம்... சொந்தத் தம்பி. இந்தக் கேஸ்ல நீங்க கை வைக்கக் கூடாது."

"தெரியும் ஏட்டய்யா. வர்ற வழியிலேயே மேலதிகாரிக்குச் சொல்லிட்டேன். வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகுமாம். அதுவரைக்கும் யாரும் இங்கேருந்து நகரக் கூடாது!"

அதற்குள் வந்துவிட்ட போலீஸ் டாக்டர் டீச்சரின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

உள்ளே ஒரு மாத்திரை அட்டை. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் வள்ளலின் சிரித்த முகம்!

"என்ன மாத்திரை டாக்டர்?"

"வலிப்புக்குப் போடறது."

சமையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி முன்னால் வந்தாள்.

"எட்டு மாசமா இந்த மாத்திரைதான் மேடம். அதுக்கு முன்னால கவர்மென்ட் மாத்திரை வரும். மானியமும் வரும். ரெண்டையும் நிறுத்திட்டாங்க. இந்த மாத்திரைக்கு மாறினதுலேருந்து... இந்த மாசம் மட்டும் ஏழு பேருக்கு வலிப்பு. டீச்சர் தூங்கியே பல நாளாச்சு."

இன்ஸ்பெக்டர் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"தனியார் ஒருத்தர் மனமுவந்து குடுக்கறப்போ மக்கள் வரிப்பணத்தை எதுக்கு வீணாக்கணும்? இனிமே அவர் பாடு!"

"என் பாடா?" வள்ளல் சீறினார். "நான் என்ன அரசாங்கமா? ஏதோ இரக்கப்பட்டுக் குடுக்கறேன். மருந்து சரியா இல்லையான்னு பார்க்க வேண்டியது உங்க ஆபீஸ்!"

இன்ஸ்பெக்டர் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளறினாள். வள்ளலின் புன்னகை மெல்ல உரிந்து வந்தது.

அடியில் ஒரு தேதி.

காலாவதி தேதி! முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது!

"கிடங்குல விற்காமக் கிடந்த சரக்கு... அப்படித்தானே?"

வள்ளல் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

சமையல்காரம்மா டீச்சரின் மேஜையிலிருந்து ஒரு கடித நகலைக் கொண்டுவந்து நீட்டினாள். 'மருந்து காலாவதியானது. என் பிள்ளைகள் துடிக்கிறார்கள். தயவுசெய்து உடனே கவனியுங்கள்.' கீழே நலத்துறை ஆபீஸின் முத்திரை. மூன்று மாதத்துக்கு முந்தையது.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!"

"தி... தினம் நூறு கடிதம் வருது மேடம்..."

"இன்னிக்கு மேடையில எல்லார் முன்னாலயும் உடைச்சிடறேன்னு டீச்சர் சொல்லியிருப்பாங்க. அதனால உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தள்ளிவிட்டீங்க. யாரு?"

"அவர்தான் படிக்கிட்ட நின்னு அந்தம்மாவோட சண்டை போட்டார்!" என்றார் வள்ளல்.

"அபாண்டம்! இவர்தான் அந்தம்மாவை மிரட்டினார்!" என்றார் அதிகாரி.

"மேடம்..."

டாக்டரின் குரல். அவர் தம்பியின் எதிரே மண்டியிட்டிருந்தார்.

"யாரும் தள்ளலை."

"என்ன சொல்றீங்க?"

"நாக்கைக் கடிச்சிருக்கார் பாருங்க. கால்சட்டை நனைஞ்சிருக்கு. படியில இறங்கறப்போ வலிப்பு வந்திருக்கு. டீச்சர் ஓடிப்போய்த் தாங்கியிருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டிருக்காங்க. இவர் தலையில ஒரு கீறல்கூட இல்லை. அவங்க முழங்கையெல்லாம் பிஞ்சிருக்கு... இவர் தலையை விடவே இல்லை மேடம்."

தம்பி மெல்ல நிமிர்ந்தான். அப்போதுதான் தூங்கி எழுந்தவன்போல் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா... டீச்சர் என் தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'ஒண்ணுமில்லடா கண்ணா'ன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல. நான் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லடா... இல்லடா ராஜா..."

இன்ஸ்பெக்டர் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் செல்போனில் இன்னும் அழிக்காத ஒரு செய்தி இருந்தது. போன வாரம் டீச்சர் அனுப்பியது. 'தம்பிக்கு மறுபடி வலிப்பு வருகிறது. ஒருமுறை வந்து போங்கள். பேச வேண்டும்.'

அவள் அனுப்பிய பதில் ஒரே வரி. 'வேலை ஜாஸ்தி. அடுத்த வாரம்.'

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று வள்ளல் நினைத்தார். வள்ளல் பார்த்துக்கொள்வார் என்று அரசாங்கம் நினைத்தது. டீச்சர் பார்த்துக்கொள்வாள் என்று அவள் நினைத்தாள். கடைசியில் பார்த்துக்கொண்டவள் டீச்சர் ஒருத்திதான்.

வள்ளல் நீண்ட மூச்சு விட்டார்.

"அப்போ விபத்து! பாவம்... அந்தம்மா பேர்ல என் அறக்கட்டளை சார்பா ஒரு ஹால் கட்டிடலாம்."

"அரசு சார்பா நான் மலர்வளையம் வைக்கறேன்," என்றார் அதிகாரி.

வாசலில் கார் வந்து நின்றது. மேலதிகாரி!

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சல்யூட் அடித்தாள். மாத்திரை அட்டையையும் கடிதத்தையும் அவர் கையில் கொடுத்தாள்.

"சார், என் தம்பி இதுல சாட்சி. அதனால நான் விலகிக்கறேன். ஆனா இது விபத்து இல்லை சார். கொலை! தேதி முடிஞ்ச மருந்துன்னு தெரிஞ்சே ஒருத்தர் தன் மூஞ்சியை ஒட்டி மறைச்சார். தெரிஞ்சே இன்னொருத்தர் கடிதத்தை ஃபைல்ல போட்டு மூடினார். டீச்சரைப் படியில உருட்டினது இந்த ரெண்டு பேரும்தான்!"

மேலதிகாரி கடிதத்தைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"ஸ்டோர்ல இருக்கற அத்தனை மாத்திரையையும் லேபுக்கு அனுப்புங்க. ஏட்டு... ரெண்டு பேரையும் ஜீப்ல ஏத்துங்க!"

மணி பன்னிரண்டரை ஆனது.

சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தைந்து பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். தம்பி ரத்தச் சட்டையோடு போய்க் கடைசியில் நின்றுகொண்டான். யாரும் உட்காரவில்லை. டீச்சர் வந்து "சாப்பிடலாம் செல்லங்களா" என்று சொன்னால்தான் அவர்கள் உட்காருவார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"டீச்சர் எங்க?" என்றது ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தாள்.

"சாப்... சாப்பிடலாம் செல்லங்களா..."

இருபத்தாறு பேரும் அவளையே பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

தாங்க முடியாமல் வெளியே ஓடிவந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஜீப்புக்குள்ளிருந்து வள்ளலின் குரல் கெஞ்சியது.

"மேடம்... எனக்கு சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு. ஜெயில்ல சாப்பாட்டுக்கு, மருந்துக்கு என்ன பண்ணுவேன்? என்னை யார் பார்த்துக்குவாங்க?"

இன்ஸ்பெக்டர் சிவந்த கண்களோடு நிமிர்ந்தாள்.

"கவலையே படாதீங்க. ஜெயிலைத் தத்தெடுக்க இன்னும் எந்த வள்ளலும் வரலை... அதனால அங்கே அரசு மானியம் ஒரு நாள்கூட நிக்காது!"